டூத் பிரஷ் விற்ற பெண்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

பெண்கள் கூடைப்பந்து பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் அமெரிக்காவின் இம்மாகுலாட்டா கல்லூரி அணியை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தீர்கள். அதன் பிறகு அவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். உடற்பயிற்சிக் கூடம் இல்லாமல், விமானச் செலவுக்காக டூத் பிரஷ் விற்று, ஒரே சீருடையை இரவில் துவைத்து மறுநாள் அணிந்து, 1972இல் தேசியப் பட்டம் வென்றிருக்கிறார்கள். கண்கள் கலங்கிவிட்டன. எனக்கு மூன்று கேள்விகள். அந்தக் கல்லூரியின் கன்னியாஸ்திரிகளது பிரார்த்தனைக்கு இந்த வெற்றியில் பங்கு உண்டா? அப்படிப்பட்ட அணி பிறகு ஏன் காணாமல் போனது? எல்லா வசதியும் பெற்றிருக்கும் இன்றைய பிள்ளைகளிடம் அந்த வேட்கை ஏன் இல்லை?

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணியில் ஆடுகிறாள். கூடைப்பந்துக்கென்று தனி ஷூ வேண்டும் என்றாள். இம்மாகுலாட்டா பெண்களின் கதையைச் சொல்லி, இருப்பதை வைத்து ஆடு என்றேன். இரண்டு நாட்களாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சொன்னதில் தவறு உண்டா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் கேத்தி ரஷ் வாங்கிய சம்பளத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள அந்தச் சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரியில் 1970இல், தன் இருபதுகளின் தொடக்கத்தில், அவர் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஒரு முழுப் பருவத்துக்கும் சேர்த்து அவருக்குத் தரப்பட்டது 450 டாலர். மாதத்துக்கு 450 என்று தவறாகப் படித்துவிடாதீர்கள். அந்த 450 டாலர் பயிற்சியாளர் ஏழு பருவங்களில் 149 ஆட்டங்களை வென்று 15இல் மட்டும் தோற்றார். 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். பிறகு 1977இல், முப்பது வயதையொட்டி, அந்தப் பணியை விட்டு விலகினார்.

முதல் கேள்வியை விட்டுவிடுகிறேன். பிரார்த்தனை அந்தச் சகோதரிகளுக்கும் அவர்களுடைய ஆண்டவருக்கும் இடையிலானது. ஆனால் அவர்கள் பார்வையாளர் வரிசையில் செபமாலை உருட்டியதோடு நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ரெனே மூத் என்ற வீராங்கனையின் தந்தை ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கடையிலிருந்து அவர் கொண்டுவந்த தகர வாளிகளை மரக்கட்டையால் தட்டித் தட்டி, எதிரணிக்குக் காது அடைத்துப்போகும்படி அந்த அங்கி உடுத்திய பெண்கள் ஆர்ப்பரித்தார்கள். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

மூன்றாவது கேள்வியைத்தான் என்னால் விட முடியவில்லை. அதன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு பதில் எழுதுவது உங்களுக்கு மரியாதை செய்வதாகாது.

நீங்கள் அந்தப் பெண்களிடம் இல்லாதவற்றை நகைப்பெட்டியைத் திறந்து காட்டுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறீர்கள். விளையாட்டுக் கூடம் இல்லை. உண்மைதான், 1967இல் அது தீயில் அழிந்துபோனது, அருகிலிருந்த மடத்தின் கீழ்த்தளத்தில் பயிற்சி செய்தார்கள். பணம் இல்லை, உண்மைதான், இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகருக்குப் போக டூத் பிரஷ் விற்றார்கள், இடம் காலியிருந்தால் மட்டும் ஏற்றிக்கொள்ளும் பயணச்சீட்டில் விமானத்துக்குக் காத்திருந்தார்கள். மடிப்பு வைத்த கம்பளிச் சட்டைதான் சீருடை. அடுத்தடுத்து நான்கு ஆட்டங்கள். வியர்வையில் ஊறிய கம்பளி எவ்வளவு கனக்கும், விடுதி அறையின் சின்னத் தொட்டியில் அலசி உலர்த்தினால் மறுநாள் காலை அது எவ்வளவு ஈரமாக உடம்பில் ஒட்டும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். இவை எதுவும் அவர்கள் வென்றதற்குக் காரணம் அல்ல. இவ்வளவும் தடுத்தும் அவர்கள் வென்றார்கள்.

காரணங்கள் வேறு, அவற்றைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. பிலடெல்பியா வட்டாரத்துக் கத்தோலிக்கப் பங்குத் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் பெண்பிள்ளைகளுக்கான கூடைப்பந்துப் போட்டிகள் பல பத்தாண்டுகளாக நடந்துவந்தன. தெரேசா ஷாங்க், மரியான் கிராஃபோர்டு போன்றவர்கள் சிறுமியராக இருந்தபோதே, கூட்டம் கூடிப் பார்க்கும் ஆட்டங்களில் ஆடிப் பழகியவர்கள். அமெரிக்காவின் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைக்காத ஒரு செல்வம் அது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஏழைகள் அல்ல, பெருஞ்செல்வந்தர்கள்.

இன்னொரு காரணம் கேத்தி ரஷ். பெண்ணின் உடல் தாங்காது என்று சொல்லி, அமெரிக்கக் கல்லூரிப் பெண்களை ஆறு பேர் கொண்ட அணியாக, பெரும்பாலோர் மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்ட முடியாதபடி ஆடவைத்த காலம் 1971இல்தான் அதிகாரபூர்வமாக முடிந்தது. ஐவர் அணியும் முழு மைதானமும் வந்த அந்தச் சமயத்தில் ரஷ் தயாராக இருந்தார். அவர் கணவர் எட் ரஷ் ஆண்களுக்கான தொழில்முறை ஆட்டங்களின் நடுவர். ஆண்களின் ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்து, மைதானம் முழுக்க எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிப்பதையும், உடலால் மறித்து நின்று தோழிக்கு வழி திறந்து தருவதையும் தன் பெண்களுக்குக் கற்றுத் தந்தார். 1972இல் வட்டாரப் போட்டியில் வெஸ்ட் செஸ்டர் அணியிடம் 32 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார்கள். அது ரஷ் படித்த கல்லூரி. ஒரு வாரம் கழித்துத் தேசிய இறுதியாட்டத்தில் அதே அணியை 52க்கு 48 என்று வென்றார்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்களுடைய வறுமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தோற்ற ஆட்டத்தை அலசி, செய்ததை மாற்றிச் செய்யத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் அவர்களுக்கு இருந்தார்.

டூத் பிரஷ் விற்ற பணம் எட்டுப் பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது என்பதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். எட்டுப் பேரின் மன உறுதியைப் பற்றி எழுதுகிறீர்கள். ஊரிலேயே விடப்பட்டவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அவர்களும் அந்தக் கீழ்த்தளத்தில் ஓடியவர்கள்தானே? அவர்களுக்கு அந்தப் பற்றாக்குறை எந்த வேட்கையைத் தந்தது? தோழியர் விளையாடுவதைப் பார்க்கக்கூட முடியாமல் செய்திக்காகக் காத்திருக்க வைத்தது, அவ்வளவுதான்.

இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் மார்கரெட் வேடின் கதையைப் பாருங்கள். 1930களின் தொடக்கத்தில் மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் கல்லூரியில் ஆடியவர் அவர். அவருடைய கடைசி ஆண்டுக்கு முன், பெண்களுக்கு இந்த ஆட்டம் மிகவும் கடுமையானது என்று சொல்லி நிர்வாகம் அணியையே கலைத்துவிட்டது. அந்தப் பெண்கள் அழுதார்கள், சீருடைகளைத் தீயிட்டு எரித்தார்கள். இல்லாமைதான் வீராங்கனைகளை உருவாக்கும் என்றால், எதுவுமே தரப்படாத அந்தக் கல்லூரியிலிருந்து மாபெரும் அணிகள் வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஒன்றும் வரவில்லை. 1973இல் அணியை மீண்டும் தொடங்கி, வேடையே அழைத்துப் பயிற்சியாளராக்கிய பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 1975, 1976, 1977 மூன்று ஆண்டுகளும் தேசியப் பட்டம் டெல்டா ஸ்டேட்டுக்கு. முதல் இரண்டு இறுதியாட்டங்களில் அவர்களிடம் தோற்றது இம்மாகுலாட்டாதான். இடையில் கடந்துபோன அந்த 40 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் தங்களுக்குள் இருந்த ஆட்டம் இன்னதென்று அறியாமலேயே வயதாகிப் போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் வாழ்க்கையில் ஒரு காரணம் உண்டு. நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எங்கள் பி.டி. மேடம் பதினேழு ஆண்டுகள் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார். பந்து பஞ்சரானால் சைக்கிள் கடைக்கு அவரே எடுத்துப்போய் ஒட்டிக்கொண்டு வருவார். ஒட்ட முடியாமல் போனால் தன் பணத்தில் புதிது வாங்குவார். பழைய பந்துகள் மேல்தோல் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும், வியர்த்த கையில் நிற்காது. ஆகவே எல்லோரும் கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஆடினோம். அவருடைய பிரிவுபசார விழாவில் பழைய மாணவியர் சார்பில் என்னைப் பேச அழைத்தார்கள். தியாகம் என்றேன், மெழுகுவர்த்தி என்றேன், தன்னை உருக்கி எங்களுக்கு ஒளி தந்தவர் என்றேன். கூட்டம் கைதட்டியது. பிறகு கேசரியும் மிக்சரும் வைத்த தட்டோடு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நான் ஒண்ணும் தியாகம் பண்ணலைம்மா. எனக்குத் தர வேண்டியதைத் தராம விட்டாங்க. ரெண்டும் ஒண்ணா?”

அன்று நான் பேசிய பேச்சின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கைதட்டலில் யாருக்கு நிம்மதி கிடைத்தது என்று எனக்கு இப்போது தெரியும். மேடையில் உட்கார்ந்திருந்த நிர்வாகத்தினருக்குத்தான் கிடைத்தது. பதினேழு ஆண்டுகளாக அவருக்குத் தராமல் வைத்திருந்த பணத்தை, ஒரு பொன்னாடையாலும் என் வாய்ச் சொல்லாலும் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். அதற்கு நான் உடந்தையாக இருந்தேன்.

கேத்தி ரஷ்ஷின் 450 டாலரும் அவரோடு முடிந்துபோகவில்லை. அவருடைய அணியில் பந்தை நடத்திச் சென்ற மரியான் கிராஃபோர்டு பின்னர் மரியான் ஸ்டான்லியாகப் புகழ்பெற்ற பயிற்சியாளரானார். ஓல்டு டொமினியன் அணிக்கு 1979, 1980, 1985 ஆண்டுகளில் தேசியப் பட்டங்களை வென்று தந்தவர் அவர். 1993இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, ஆண்கள் அணியின் பயிற்சியாளர் பெறும் சம்பளத்தைத் தனக்கும் தர வேண்டும் என்று கேட்டார். ஒப்பந்தம் அமையவில்லை, வேலை போனது. நீதிமன்றம் போனார். 1994இலும் 1999இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆண் பயிற்சியாளருக்கு அனுபவம் அதிகம், அவருடைய அணி ஈட்டித் தரும் வருவாயும் அதிகம் என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் அடங்கும். வருவாய் ஏன் குறைவு என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே பின்னால் போனால், மடத்தின் கீழ்த்தளத்துக்கும் ஈரமான கம்பளிச் சட்டைக்கும்தான் வந்து சேர்வோம். இத்தனைக்கும் 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இம்மாகுலாட்டாவும் குவீன்ஸ் கல்லூரியும் மோதியபோது ஏறக்குறைய 12,000 பேர் பார்க்க வந்திருந்தார்கள். கதவைத் திறந்துவிட்டால் மக்கள் வருவார்கள் என்பதை அந்தப் பெண்கள் நிரூபித்துக் காட்டியிருந்தார்கள். ஸ்டான்லியின் பெயர் 2022இல் கூடைப்பந்தின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டது. இழந்த வேலையை அது திருப்பித் தராது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இம்மாகுலாட்டா முதல் பட்டம் வென்ற மூன்றாம் மாதம், 1972 ஜூனில், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, பெண் விளையாட்டாளர்களுக்கு உதவித்தொகை தருவதற்கு இருந்த தடையும் நீங்கியது. பெரிய பல்கலைக்கழகங்கள் மெல்ல மெல்லப் பெண்களுக்கும் பணம் ஒதுக்கத் தொடங்கின. ஒரு சின்னக் கல்லூரியால் அதோடு போட்டி போட முடியவில்லை. இதைச் சிலர் சோகக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சோகம் தெரியவில்லை. நிறையப் பெண்களுக்கு வழி திறந்தது, ஆகவே ஒரு கல்லூரியின் ஆதிக்கம் முடிந்தது. தெரேசா ஷாங்க் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போய் 1982இல் தேசியப் பட்டம் வென்றார், 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியை நடத்தினார். அந்தக் கீழ்த்தளத்தில் கற்றதை வசதியுள்ள இடங்களுக்கு எடுத்துச் சென்றார்களே தவிர, தங்கள் மாணவியரை விடுதித் தொட்டியில் சட்டை துவைக்கச் சொல்லவில்லை.

உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னது தவறுதான். உங்களுக்கு உண்மையிலேயே பண நெருக்கடி என்றால் அதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள், அந்த வயதுப் பிள்ளைக்கு அது புரியும், சில மாதங்கள் பொறுத்துக்கொள்வாள். பணம் கொடுக்க மனமில்லாததற்கு எட்டுப் பெண்களின் கதையைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். சாதாரண ஓட்டக் காலணியில் கூடைப்பந்து ஆடினால், குதித்து இறங்கிப் பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் பிசகக்கூடும். எங்கள் அணியில் அப்படிப் பிசகிய ஒருத்தி அதன் பிறகு ஆடவே இல்லை.

சனிக்கிழமை மாலை அவள் பயிற்சி முடிந்ததும் நேராகக் கடைக்கு அழைத்துப் போங்கள். ஆடி முடித்த கால் சற்று வீங்கியிருக்கும்; அந்த நேரத்தில், ஆடும்போது அணியும் காலுறையோடு போட்டுப் பார்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும் என்று எங்கள் மேடம் சொல்வார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கட்டும். இரண்டு காலிலும் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே அவள் ஒருமுறை குதித்துப் பார்க்கட்டும், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அன்புடன்.