பாரசீக வெள்ளிக் கோப்பைகள்: கேட்டதும் சொன்னதும்

சரவணன்: அடியில் விலங்குத் தலையோடு கொம்பு மாதிரி வளைந்திருக்கும் கோப்பையில் எப்படிக் குடித்தார்கள் சார்?

படத்தைப் பார்த்தவுடன் ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். பல கோப்பைகளில் விலங்கின் மார்புப் பக்கம் சின்னத் துளை இருக்கும். அதை விரலால் அடைத்துக்கொண்டு மேல்வாய் வழியாக ஒயினை ஊற்றி, தூக்கிப் பிடித்து விரலை எடுத்தால் மெல்லிய தாரையாக இறங்கும். நேரே வாயில் வாங்கலாம், இன்னொரு கையிலுள்ள தட்டையான கிண்ணத்திலும் பிடிக்கலாம். துளை இல்லாதவை வெறும் கோப்பைகள்தான், ஆடம்பரம் மட்டும் கூடுதல். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சிறகுள்ள கிரிஃபினோடு (சிங்கமும் கழுகும் கலந்த கற்பனை விலங்கு) ஒன்று இருக்கிறது. கிழக்குத் துருக்கியின் எர்சிஞ்சானில் கிடைத்தது, கி.மு. 5ஆம் நூற்றாண்டு. அழகில் என் ஓட்டு அதற்குத்தான்.

மீனா: அந்தத் தட்டையான கிண்ணத்துக்குக் கைப்பிடியே இல்லையே?

தேவைப்படவில்லை. பாரசீக அரசவைப் பணியாளர்கள் மூன்று விரல்நுனிகளில் கிண்ணத்தை ஏந்திக் கொடுப்பதை கிரேக்கரான செனொஃபோன் எழுதியிருக்கிறார். நடுவில் மேலெழும்பிய குமிழ் இருந்தால், அடியிலுள்ள குழியில் விரல் பொருந்தும்.

ஃபாத்திமா: உருவங்கள் அச்சில் வார்த்தவையா?

பெரும்பாலும் இல்லை. பழைய பாரசீக அரசமரபான அகாமனிசியர் காலத்துக் கிண்ணங்களில் தாமரை இதழ்களைத் தகட்டின் உட்புறமிருந்து தட்டிப் புடைத்தார்கள். பிற்காலப் பாரசீக அரசமரபான சாசானியர் (கி.பி. 224–651) இன்னொரு தந்திரம் செய்தார்கள். உருவத்தின் தூக்கலான பகுதிகளைத் தனித் துண்டாகச் செய்து, பாத்திரத்தின் பரப்பைக் கீறி எழுப்பிய விளிம்புக்குள் செருகி, விளிம்பை மடக்கி இறுக்கிவிடுவார்கள். பற்றவைப்பே வேண்டாம்! அப்புறம் பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடுகாட்டினால் பாதரசம் ஆவியாகி முலாம் நிற்கும். அந்தப் புகை நஞ்சு. பட்டறையில் வேலை செய்தவர்கள் பாடு பாவம்தான்.

இளங்கோ: எல்லாம் ஈரானிலேயே கிடைத்தவையா?

இல்லை. எரெபுனி கோட்டையில், அதாவது இன்றைய ஆர்மீனியாவின் யெரெவானில், 1968இல் வெள்ளிக் கோப்பைகள் கிடைத்தன. சாசானிய வெள்ளியோ ரஷ்யாவின் பெர்ம், உரால் பகுதிகளில் ஏராளம். தென்திசை வணிகர்கள் அங்கே மென்மயிர்த் தோலுக்கு மாற்றாக வெள்ளியைக் கொடுத்தார்கள். புனித பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கு அந்தச் சேகரிப்பு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

ரவி: ஏலத்தில் வருவதை நம்பலாமா?

எந்த மண்ணில், யார் தோண்டி எடுத்தது என்று தெரியாவிட்டால் எனக்கு நம்பிக்கை வராது. கரிமக் காலக் கணிப்பு வெள்ளிக்குப் பொருந்தாது, அதனால் போலி செய்பவருக்கு வசதி. 2013இல் அமெரிக்கா ஒரு வெள்ளி கிரிஃபின் கோப்பையை ஈரானிடம் திருப்பிக் கொடுத்தது. லோரெஸ்தானின் கல்மாக்கரே குகையிலிருந்து திருட்டுத்தனமாக வெளியேறியது என்று சொல்லப்பட்டது. அதையே போலி என்று வாதிடும் வல்லுநரும் உண்டு. அரசாங்கங்கள் கைமாற்றிக்கொண்ட பொருளுக்கே இந்த நிலைமை என்றால், இணைய ஏலத்தில் பளபளக்கும் கோப்பைக்குக் காசு போடுவதற்கு முன் தோண்டியெடுத்த பதிவைக் கேளுங்கள். இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள்.