வாசகர் கேள்வி – பதில்: ஊசி நாளை யார் நினைவில் வைத்திருப்பது?

கேள்வி: எங்கள் பாடசாலையில் 7ஆம் தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்திக்கு வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதடைந்திருக்கிறது. மூன்று வாரத்திற்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வேண்டும். தகப்பன் கடற்றொழிலாளி, வாடைக்காலத்தில் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விடுவதால் ஊசி தவறிவிடுகிறது. வேறு தீவுகளில் ஊர்மக்களே சேர்ந்து இந்நோயைக் குறைத்தார்கள் என்று அறிந்தேன். அது எப்படி இயன்றது?
— ஓர் ஆசிரியை, சாம்பல்தீவு, திருகோணமலை

பதில்: உங்கள் மாணவியின் நோய் தொண்டையில் தொடங்கியது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியால் தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று வாரங்களில், கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காப்புச் சக்தியே சில பிள்ளைகளில் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. மூட்டு வீக்கம் சுவடின்றி மறைந்துவிடும். வால்வில் விழுந்த தழும்பு பல வேளை நிலைத்துவிடும். கிருமி மறுபடியும் தொற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தழும்பு தடிக்கக்கூடும் என்பதனால்தான் பல ஆண்டுகளுக்கு ஊசி போடச் சொல்கிறார்கள்.

நீங்கள் அறிந்தது உண்மையே. கரீபியன் தீவுகளான மார்டினிக்கிலும் குவாதலூப்பிலும் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த பத்தாண்டு முயற்சியில் வானொலி, சுவரொட்டி, ஆசிரியர்கள் வழியாகத் தொண்டை நோவைப் பற்றி வீடுவீடாகத் தெரியவைத்தார்கள். வாதக்காய்ச்சல் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் 1996 வரை நடந்த வேலையில், 5 முதல் 25 வயதுள்ளோரில் இலட்சத்துக்கு 18.6 ஆக இருந்த புதிய நோயாளர் தொகை 2.5 ஆக இறங்கியது. நியூசிலாந்தின் தெற்கு ஓக்லாந்தில், பூர்வகுடி மாவோரிப் பிள்ளைகளும் பசிபிக் தீவுப் பிள்ளைகளும் படிக்கும் பாடசாலைகளில் தாதியோடு அந்தச் சமூகத்தையே சேர்ந்த ஒருவரும் நின்று தொண்டை நோவைப் பரிசோதிக்கிறார். பிள்ளையின் தாயை முகம் தெரிந்தவராக அவர் இருப்பதுதான் அதன் பலம்.

ஆனால் பிஜியின் அனுபவம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 2005 முதல் நோயாளர் பதிவேடு இருக்கிறது. இருந்தும் பதிவேட்டில் பெயருள்ளவர்களில் ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்கள் மிகச் சிலரே என்று ஆய்வுகள் காட்டின. தூரம், பஸ் செலவு, வலி ஆகியவை நாமும் அறிந்த காரணங்கள்தாம். பெயரை எழுதி வைப்பதால் ஊசி ஏறுவதில்லை; அடுத்த ஊசி நாள் வருகிறதென்று அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். வகுப்பறை நாட்காட்டியில் 21 நாளுக்கு ஒன்றாகப் புள்ளியிட்டுப் பாருங்கள். மூன்று வாரக் கணக்கில் ஆண்டுக்கு 17 ஊசிகள் வருகின்றன. வீட்டில் “மாதம் ஒரு தடவை” என்று நினைத்திருந்தால் 12தான் ஏறும். யாரும் அலட்சியம் செய்யாமலேயே ஐந்து குறைந்துவிடும். போயா விடுமுறையில் கிளினிக் நாள் விழுந்தால் மாற்று நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வாடைக்குப் புறப்படுமுன் கிளினிக் கொப்பியையும் வைத்தியரின் கடிதத்தையும் தாயின் கையில் கொடுத்தனுப்பினால், போகும் ஊரிலுள்ள அரச வைத்தியசாலையில் ஊசியைத் தொடரலாம்.

வலியைச் சிறிதாக எண்ண வேண்டாம். இது தடித்த வெண்ணிற மருந்து. தசைக்குள் ஆழமாக, மெதுவாக ஏற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்தைச் சற்று நேரம் கையில் வைத்து வெதுவெதுப்பாக்குவதும், விறைப்பு மருந்து சேர்க்கலாமா என்று வைத்தியரிடம் கேட்பதும் உதவும். பயந்து ஒளியும் பிள்ளையை ஏசுவது எனக்கு ஒப்பில்லை. அவள் பத்தாண்டுக்கு மேலும் அந்த நாற்காலியில் போய் அமர வேண்டியவள்.

கேள்வி: தொண்டை நோவுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் போதாதா?
— ஒரு தாய், கிண்ணியா

பதில்: தாராளமாகக் கொடுங்கள், இதமாக இருக்கும்; ஆனால் அது இந்தக் கிருமியைக் கொல்லாது. மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் சாதாரண தடிமன்தான். அவை இல்லாமல் காய்ச்சல், விழுங்க முடியாத நோவு, கழுத்தில் நெறிகட்டு இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். தொண்டை நோவு தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் பென்சிலின் தொடங்கினாலும் வாதக்காய்ச்சலைத் தடுக்க முடியும். மாத்திரை தந்தால், இரண்டாம் நாளே நோவு தணிந்தாலும் பத்து நாளும் கொடுத்து முடியுங்கள்.