கருப்பட்டித் தண்ணீர் மட்டும் போதுமா?

கேள்வி: பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தோம். சுகாதார நிலையச் செவிலியரோ உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல்தான் வேண்டும் என்றார். உப்பு எதற்கு? இதைக் கண்டறிந்தவர் யார்?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: செவிலியர் சொன்னதே சரி. கருப்பட்டியின் சர்க்கரையைச் சிறுகுடல் சுவரிலுள்ள நொதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது; ஆனால் அந்தக் குளுக்கோஸைச் செல்லுக்குள் ஏற்றும் புரதம் உப்பிலுள்ள சோடியத்தையும் சேர்த்தே ஏற்றும், தண்ணீரோ இவ்விரண்டின் பின்னால்தான் செல்லும். உப்பில்லாமல் கருப்பட்டியைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால், அது உடலின் நீரையே குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

இந்த இணைப்பை 1960 ஆகஸ்டில் பிராக் நகரக் கருத்தரங்கில் முன்வைத்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசாளர் கார்ல் கோரியின் துறையில் பணிபுரிந்த அவர், பின்னர் சிகாகோவில் உயிர்வேதியியலுக்கும் ரட்கர்ஸ் மருத்துவப் பள்ளியில் உடலியங்கியலுக்கும் துறைத் தலைவரானார். துறை எல்லைகளைக் காக்கும் நம் பல்கலைக்கழகங்களில் இது எளிதில் நடக்காது. அவர் தேடியது சர்க்கரை ஏறும் வழியைத்தான், பேதிக்கு மருந்தை அன்று. எனினும் 1971இல் வங்கதேச அகதிகளுக்கு மருத்துவர் திலீப் மகலனாபிஸ் கொடுத்த கரைசல் பலித்ததன் காரணம் அந்த வழியே.

உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரையுங்கள்.