பெட்ரோல் பங்க் மீட்டர் முதல் எரிவாயு மீட்டர் வரை: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் காரின் கையேட்டில் எரிபொருள் தொட்டியின் கொள்ளளவு 37 லிட்டர் என்று இருக்கிறது. சென்ற மாதம் ஒரு பங்க்கில் முழுத் தொட்டி நிரப்பச் சொன்னபோது இயந்திரம் 39.4 லிட்டர் காட்டியது. கேட்டதற்கு, “மெஷின் பழசு சார், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்” என்றார்கள். அந்த மீட்டர் உண்மையில் எப்படி அளக்கிறது? ஏமாற்றப்பட்டேனா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: களத்தில் நெல் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரக்காலை நிரப்பித் தலை தட்டிக் கொட்டுவார்கள். “லாபம், இரண்டு, மூன்று” என்று எண்ணிக்கொண்டே போவார்கள். பங்க் இயந்திரத்தின் வயிற்றில் இருக்கும் மீட்டர் செய்வதும் அதே வேலைதான். குழாயில் எரிபொருள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அது கணிப்பதில்லை. கொள்ளளவு தெரிந்த சிறு அறைகளில் எரிபொருளைப் பிடித்து, வெளியே தள்ளி, எத்தனை முறை தள்ளினோம் என்று எண்ணுகிறது. இந்த வகைக்குத்தான் பாசிட்டிவ் டிஸ்பிளேஸ்மென்ட் மீட்டர் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாகப் பி.டி. மீட்டர் என்பார்கள்.

பங்க்குகளில் இருப்பது பெரும்பாலும் பிஸ்டன் வகை. பம்ப் தள்ளிவிடும் பெட்ரோல் ஒரு சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனை நகர்த்துகிறது. அந்தப் பிஸ்டன் நகரும்போது, எதிர்ப்பக்கச் சிலிண்டரில் ஏற்கெனவே நிறைந்திருந்த பெட்ரோல் உங்கள் குழாயை நோக்கி வெளியேறுகிறது. பிஸ்டன்கள் மாறி மாறி நகர, நடுவில் இருக்கும் தண்டு சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு அரை லிட்டர் என்ற வடிவமைப்பு பரவலாக உண்டு. அந்தத் தண்டின் தலையில் பல்சர் என்ற சிறு கருவி உட்கார்ந்திருக்கும். தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் இத்தனை மின்துடிப்பு என்று அது அனுப்ப, மின்னணுப் பலகை அந்தத் துடிப்புகளைக் கூட்டி லிட்டராகவும் ரூபாயாகவும் திரையில் காட்டுகிறது.

உங்களுக்குச் சொல்லப்பட்ட “மெஷின் பழசு” என்ற சமாதானம் இங்கேதான் உடைகிறது. பிஸ்டனின் விளிம்பு தேய்ந்தால் அதன் ஓரமாகக் கொஞ்சம் பெட்ரோல் எண்ணப்படாமலேயே கசிந்து போகும். எண்ணப்படாமல் போவது உங்கள் தொட்டிக்குத்தான் போகிறது. அதாவது, இயல்பான தேய்மானத்தால் இவ்வகை மீட்டர் தவறினால், பெரும்பாலும் வாங்குபவருக்குச் சாதகமாகவே தவறும். குறைவாக வருகிறது என்றால், அளவைச் சரிசெய்யும் அமைப்பு சரியான இடத்தில் இல்லை, அல்லது குழாயில் காற்று கலந்து வருகிறது, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். கை வைக்கிறவர்கள் பிஸ்டனை விட்டுவிட்டு, பல்சருக்கும் பலகைக்கும் இடையில்தான் ஒரு மின்னணுச் சில்லை நுழைக்கிறார்கள். 2017 ஏப்ரலில் லக்னோ பங்க்குகளில் காவல் துறை நடத்திய சோதனைகளில் பிடிபட்டவை இப்படிப்பட்ட சில்லுகளே. 100 துடிப்பு வரவேண்டிய இடத்தில் 105 துடிப்பு போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை 5 லிட்டர் என்று காட்டும்போது உண்மையில் வந்திருப்பது 4.76 லிட்டர்தான்.

ஆனால் உங்கள் 39.4 லிட்டர் மட்டுமே மோசடிக்குச் சான்றாகாது. கையேட்டில் போடுவது தொட்டியின் பெயரளவுக் கொள்ளளவு. எரிபொருள் விரிவதற்காக மேலே விட்டுவைக்கும் இடமும், நிரப்பும் கழுத்துக் குழாயும் பொதுவாக அதில் சேர்வதில்லை. தானாக நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக விளிம்பு வரை நிரப்பினால் இரண்டு, மூன்று லிட்டர் கூடுதலாகப் பிடிப்பது சாதாரணம். தொட்டியை அளவுபடியாக வைத்து வாதாடினால் நம் பக்கம் நிற்காது.

நிற்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்கலம் இருக்கவேண்டும்; வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்டவேண்டும். கலத்தில் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே ஒருமுறை நனைத்துக் கவிழ்த்துச் சொட்ட விட்டபிறகே அளக்கவேண்டும், ஏனெனில் உலர்ந்த கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பெட்ரோல் கணக்கைக் குழப்பும். சமதளத்தில் வைத்து, திரை சுழியத்தில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, 5.00 லிட்டர் பிடிக்கச் சொல்லுங்கள். கலத்தின் கழுத்து ஒடுக்கமாக இருப்பதால் சில மில்லிலிட்டர் வேறுபாடு கூடக் கோடுகளில் தெளிவாகத் தெரியும். குனிந்து, கண்ணை அந்தக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். அனுமதிக்கப்பட்ட பிழை 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர். மேலே சொன்ன 105 துடிப்பு மோசடியில் குறைவு ஏறத்தாழ 240 மில்லிலிட்டர் இருக்கும். அதைக் கோட்டில் மறைக்க முடியாது.

கூடவே, இயந்திரத்துக்கான முத்திரைச் சான்றிதழ் நடப்பில் உள்ளதா என்றும் பாருங்கள். பங்க் இயந்திரங்களை ஆண்டுதோறும் மறுமுத்திரையிட வேண்டும். சோதிக்க மறுத்தாலோ, குறைவு கண்டாலோ, பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் நேரம், இயந்திர எண், நாசில் எண் ஆகியவற்றோடு எழுதுங்கள். தமிழ்நாட்டில் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ஐ நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்ட அலுவலகத்தில் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தயங்காமல் கேளுங்கள். அந்தக் கலம் அங்கே இருப்பதே நமக்காகத்தான்.

கேள்வி: விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும், 500 ரூபாய்க்குப் பதில் 510 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்கிறார்களே, உண்மையா? (விழுப்புரம் வாசகி)

பதில்: இரண்டையும் நம்பவேண்டாம். பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரிவது உண்மை. பி.டி. மீட்டர் பருமனைத்தான் எண்ணுகிறது, எடையை அல்ல என்பதும் உண்மை. ஆனால் பெட்ரோல் இருப்பது மண்ணுக்கடியில் உள்ள தொட்டியில். பகலுக்கும் இரவுக்கும் அங்கே வெப்பநிலை அதிகம் மாறாது. 510 ரூபாய்க்கும் அதே பிஸ்டன்தான், அதே பல்சர்தான். சில்லு வைத்தவனுக்கு எந்தத் தொகையும் ஒன்றுதான். அளவு மிகச் சிறிதாக இருந்தால் மட்டும் பிழையின் பங்கு கூடும். மீட்டரின் பெயர்ப்பலகையில் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ஐம்பது ரூபாய்க்குப் போடும்போது அதற்கும் கீழே போய்விட வாய்ப்புண்டு.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள். ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து வீடுகளுக்கு இறங்குகின்றன. வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கச் சங்கத்தில் முடிவெடுத்தோம். “பிஸ்டன் மீட்டர்தான் துல்லியம், சொட்டுக்கூட விடாது” என்று ஒரு விற்பனையாளர் கூடுதல் விலை சொல்கிறார். வாங்கலாமா? (சென்னை, குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. தண்ணீர் மீட்டரில் ரோட்டரி பிஸ்டன் வகை என்பது பி.டி. மீட்டரே. அதற்குள் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பிஸ்டன் ஒரு வட்ட அறையில் அசைந்து சுற்றிவர, ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட அளவு நீர் கடந்து போகும். நம் ஊரில் பரவலாக உள்ள மல்டிஜெட் மீட்டர் வேறு. அதில் நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் வேகத்தை வைத்து நீரின் அளவு கணிக்கப்படுகிறது. ஓட்டம் மிக மெல்லியதாக இருந்தால் அந்தச் சக்கரம் அசையாது.

தண்ணீர் மீட்டர்களை ஏ, பி, சி என்று வகுப்புகளாகப் பிரிப்பது இந்த மெல்லிய ஓட்டத்தை வைத்துத்தான். பெயரளவு ஓட்டம் மணிக்கு 1.5 கன மீட்டர் கொண்ட 15 மி.மீ. மீட்டரில், ஏ வகுப்பு மணிக்கு 60 லிட்டருக்கு மேல்தான் பொறுப்பேற்கும். பி வகுப்பு 30 லிட்டர். சி வகுப்பு 15 லிட்டர். மணிக்கு 10 லிட்டர் ஒழுகும் கழிப்பறைத் தொட்டி ஒரு நாளில் 240 லிட்டரை விழுங்கிவிடும்; அதை மல்டிஜெட் மீட்டர் கவனிக்காமலே விடக்கூடும். நல்ல பிஸ்டன் மீட்டர் பெரும்பாலும் பிடித்துவிடும்.

இருந்தும் உங்கள் கட்டடத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். பிஸ்டனுக்கும் அறைச் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. துல்லியமே அந்தக் குறுகலில்தான் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரோடு வரும் நுண்மணலும், படியும் உப்பும் அந்த இடைவெளியில் புகுந்தால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். அப்படி நின்றுபோன மீட்டர் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். வடிகட்டிக்கு உள்புறம், பிஸ்டனின் விளிம்பைச் சுற்றி, கோலமாவு போல வெள்ளைப் படிவு வளையமிட்டிருந்தது. மீட்டர் நின்றால் எண்ணிக்கை மட்டும் நிற்பதில்லை, வீட்டுக்கு வரும் நீரும் ஏறக்குறைய அடைபட்டுப்போகும்.

இரண்டாவது காரணம் அழுத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடி வீட்டுக்கு இரண்டு, மூன்று மீட்டர் உயரமே கிடைக்கிறது. பிஸ்டனை நகர்த்துவதற்கான விசையையும் அந்த நீரே தரவேண்டும் என்பதால், குளியலறையில் ஷவர் நூலாக வடியத் தொடங்கும். மேல்மாடிக்காரர்கள் உங்களை நிம்மதியாக இருக்கவிடமாட்டார்கள்.

ஆகவே பி வகுப்பு மல்டிஜெட், அல்லது நிதி இடம் கொடுத்தால், நகரும் பாகமே இல்லாத அல்ட்ராசானிக் மீட்டர் பொருந்தும். எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உபயோக இயந்திரவகைத் தண்ணீர் மீட்டர்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 779. மல்டிஜெட் மீட்டரைப் படுக்கைவாட்டத்தில், முகப்பு மேல்நோக்கியபடி பொருத்தவேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு வீட்டுக்கு எத்தனை குழாய்வழி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று பிரிந்து வந்தால் 24 வீட்டுக்கு 24 மீட்டர் போதாது. சுத்திகரித்த நீர் மட்டுமே வரும் தனிக்குழாய் உங்களிடம் இருந்தால், அங்கே பிஸ்டன் மீட்டரைத் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருக்கிறேன். 15 கிலோ டின் நிரப்பவும், டேங்கர் லாரியில் ஏற்றவும் ஓவல் கியர் மீட்டர் வாங்க எண்ணுகிறேன். டர்பைன் மீட்டர் விலை குறைவு என்கிறார்களே?

பதில்: எண்ணெய்க்கு ஓவல் கியர் என்ற உங்கள் தேர்வு சரியானது. முட்டை வடிவப் பற்சக்கரங்கள் இரண்டு ஒன்றோடொன்று கவ்விச் சுழல்கின்றன. அவற்றுக்கும் உறைக்கும் நடுவே பிறைநிலா போன்ற இடைவெளி உண்டாகி, அதில் எண்ணெய் நிறைந்து மறுபக்கம் கொட்டுகிறது. பெட்ரோல் போன்ற நீர்த்த திரவம் பற்சக்கர இடுக்கில் ஓரளவு நழுவும்; எண்ணெய் கெட்டியாக இருப்பதால் நழுவாது. ஓட்டத்தில் சுழலும் சக்கரத்தின் வேகத்தை வைத்து அளக்கும் டர்பைன் மீட்டருக்கு இதே கெட்டித்தன்மைதான் எதிரி. மேலும், டர்பைனுக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கு நீளத்துக்கு வளைவில்லாத நேர்க்குழாய் வேண்டும், பி.டி. மீட்டருக்கு அந்த நிபந்தனை இல்லை, வளைவை ஒட்டியே பொருத்தலாம். இடநெருக்கடியான ஆலையில் இது பெரிய வசதி.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறையத் தொடங்கும்; மார்கழிக் காலையில் மீட்டருக்குள் எண்ணெய் உறைந்திருக்கும்போது பம்பை ஓட்டினால் பற்சக்கரமோ அச்சோ உடையலாம். மீட்டருக்கும் குழாய்க்கும் வெந்நீர் உறை போட்டுக்கொள்ளுங்கள். மீட்டருக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். பிண்ணாக்குத் துகள் ஒன்றே போதும், சக்கரம் சிக்கிக்கொள்ள. தொட்டி காலியாகும் தறுவாயில் பம்ப் காற்றை உறிஞ்சினால் மீட்டர் அதையும் எண்ணெயாகவே எண்ணிவிடும் என்பதால், காற்றுப்பிரிப்பான் இல்லாமல் லாரியில் ஏற்றப் பயன்படுத்தாதீர்கள்.

டின் விஷயத்தில் வேறு கருத்துச் சொல்லவேண்டும். நீங்கள் விற்பது கிலோ கணக்கில். மீட்டர் எண்ணுவது லிட்டர். 60 டிகிரியில் சூடாக நிரப்பிய எண்ணெய் 30 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 2 சதவீதம் சுருங்கும். அதே லிட்டரில் எடை காலைக்கும் மாலைக்கும் மாறும். 15 கிலோவில் அது 300 கிராம் வரை போகும். டின்னுக்கு முத்திரையிட்ட எடைத்தராசுதான் உங்களுக்கும் வாங்குபவருக்கும் நியாயம். மீட்டரை லாரிக்கும், ஆலைக்குள் தொட்டி மாற்றுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டும் அளவை வைத்துப் பணம் வாங்கப்போகிறீர்கள் என்றால், அரசின் மாதிரி ஒப்புதல் (அந்த மாடலுக்கான ஒப்புதல்) பெற்றதையே வாங்கி முத்திரையிட வேண்டும். உள்கணக்குக்கு மட்டும் என்றால் அது தேவையில்லை. எந்த எண்ணெயில், எந்த வெப்பநிலையில் சோதித்து அளவுச் சான்று தருகிறார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தண்ணீரில் சோதித்த சான்று உங்களுக்குப் பயன்படாது.

கேள்வி: வீட்டுக்குக் குழாய் எரிவாயு வந்திருக்கிறது. வாகன எரிவாயுவைக் கிலோவில் விற்கிறார்கள். இதைக் கன மீட்டரில் கணக்கிடுகிறார்கள். எதை நம்புவது? (கோவை வாசகி)

பதில்: இரண்டும் அந்தந்த இடத்தில் சரி. வாகன சி.என்.ஜி. 200 பார் அளவுக்கு அழுத்தப்பட்டது. அந்த அழுத்தத்தில் பருமனுக்குப் பொருளில்லை என்பதால், எடையை நேரடியாக உணரும் வேறுவகை மீட்டரால் அளக்கிறார்கள். வீட்டுக்கு வருவது மிகக் குறைந்த, சீரான அழுத்தத்தில் வரும் வாயு. உங்கள் மீட்டர்ப் பெட்டிக்குள் கொல்லன் துருத்தி போன்ற மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் வாயு நிறைந்து ஊத, மறுபக்கம் இருந்த வாயு அடுப்புக்குப் போகிறது. எத்தனை முறை ஊதித் தாழ்ந்தது என்பதே எண்ணிக்கை. இதுவும் பி.டி. மீட்டர்தான்.

இதனால் உங்களுக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. இரவு படுக்கும் முன் எல்லா பர்னர்களையும் மூடிவிட்டு, அடுப்புக்குப் போகும் வால்வை மட்டும் திறந்தபடி விட்டு, மீட்டரின் கடைசி இலக்கம்வரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் அப்படியே இருக்கவேண்டும். சிறிதளவு நகர்ந்திருந்தாலும் மெயின் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து, ரசீதில் அச்சிட்டிருக்கும் அவசர எண்ணை அழையுங்கள்.