ஓரகத்தியோடு பேசாத நான் திருவிருந்து எடுக்கலாமா?

கேள்வி: மாமனார் இறந்த பிறகு வீட்டுப் பங்கு பிரித்ததில் எனக்கும் ஓரகத்திக்கும் பேச்சு நின்று மூன்று வருஷமாகிறது. இருவரும் ஒரே சபை. “தேவனிடத்தில் அன்புகூருகிறேனென்று ஒருவன் சொல்லியும், தன் சகோதரனைப் பகைத்தால், அவன் பொய்யன்” என்ற வசனத்தைப் படித்ததிலிருந்து திருவிருந்து எடுக்கவே பயமாக இருக்கிறது. எவ்வளவு ஜெபித்தும் அவர்மேல் அன்பு வரவில்லை. நான் தேவனுடைய அன்புக்கு வெளியே போய்விட்டேனா?
– பெயர் வேண்டாம், நெல்லை

பதில்: இல்லை சகோதரி, வெளியே போகவில்லை. போனவர்களுக்கு இந்தப் பயமே வராது.

நீங்கள் சொன்னது 1 யோவான் 4:20. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: “அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்.” முந்தி என்ற அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு 20ஆம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், அன்பை நாமே எங்கிருந்தோ உண்டாக்கிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடும், அது யாராலும் முடியாது. யோவான் 15:9இல் இயேசு “என்னுடைய அன்பிலே நிலைத்திருங்கள்” என்கிறார். இதே சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இரண்டு சீஷர்கள் “நீர் எங்கே தங்கியிருக்கிறீர்” என்று கேட்கிறார்களே, அந்தத் தங்குவதற்கும் இந்த நிலைத்திருப்பதற்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான். ஒரு வீட்டில் தங்குவது மாதிரி. ஏற்கெனவே நேசிக்கப்பட்ட இடத்தைவிட்டுக் கிளம்பாமல் இருங்கள் என்கிறார், அதற்கு அப்புறம்தான் 12ஆம் வசனத்தில் ஒருவரையொருவர் நேசிக்கச் சொல்கிறார். அதைச் சொன்ன அதே இரவில்தான் சீஷர்களின் கால்களைக் கழுவினார். யூதாஸ் அப்போது அங்கேதான் இருந்தான், வெளியே போனது அதற்குப் பிறகு.

சரி, மனதில் அன்பே வரவில்லையே, என்ன செய்வது? நெதர்லாந்தின் ஹார்லெம் ஊரைச் சேர்ந்த கோரி டென் பூமை நினைத்துக்கொள்ளுங்கள். ஹிட்லரின் நாஜிகளுக்குத் தெரியாமல் யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக 1944இல் குடும்பத்தோடு கைதானவர். அப்பா பத்தே நாளில் இறந்தார், அக்கா பெட்சி அதே வருஷம் டிசம்பரில் நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்தார். 1947இல் மியூனிக்கில் ஒரு ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றி அவர் பேசி முடித்ததும் ஒருவர் வந்து கை நீட்டினார், பார்த்தால் அந்த முகாமில் காவலராக இருந்தவர். கோரியின் கை எழும்பவே இல்லை. உள்ளே துளி அன்பும் இல்லை. என்னால் கையைத் தூக்க மட்டும்தான் முடியும், உணர்வை நீர் தாரும் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு மரக்கட்டை மாதிரி கையை நீட்டினார். கையைப் பிடித்த பிறகுதான் அன்பு வந்தது. நீங்கள் மூன்று வருஷமாக அன்பு வரட்டும், அப்புறம் பேசலாம் என்று காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு வித்தியாசமும் உண்டு. அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு வந்தார், உங்கள் ஓரகத்தி வரவில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது போல நடிக்கச் சொல்ல மாட்டேன், பங்கை விட்டுக்கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நியாயமான பங்கைப் பெரியவர்களை வைத்துக் கேட்பது பகை ஆகாது. அவருக்குக் கெட்டது நடந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவதுதான் பகை. அதை மட்டும் ஆண்டவரிடம் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்.

மத்தேயு 5:24இல் இயேசு காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்தச் சொல்கிறார். திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்புகிறார், வராமலே இருந்துவிடச் சொல்லவில்லை. அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஓரகத்திக்குப் போன் போட்டு, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் ஆலயத்துக்குப் போங்கள். வீட்டுப் பங்கைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம்.