வாசகர் கேள்வி – பதில்: ஸ்கோப் பொருத்தியதும் குறி தப்புவது ஏன்?

கேள்வி: என்னுடையது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். பேரலை மடித்து இழுக்கும் வகை. துப்பாக்கியோடு வந்த சாதாரண சைட்டில் 10 மீட்டரில் குறி சரியாக விழுகிறது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய பிறகு, உயரத் திருகைக் கடைசி வரை திருகியும் பெல்லட் 3 செ.மீ. கீழே விழுகிறது, வலப்பக்கமும் சற்று விலகுகிறது. ஸ்கோப் பழுதா?
– வாசகர், மயூர் விஹார், டெல்லி

பதில்: ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் சைட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்த வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் முன் சைட், பின் சைட் இரண்டுமே பேரலின் மேல்தான் இருக்கும். பேரல் கொஞ்சம் தொங்கினால் சைட்டும் கூடவே தொங்கும், அதனால் கோளாறு வெளியே தெரியாது. ஸ்கோப்போ பின்னால் உள்ள சிலிண்டரின் மேல் உட்காருகிறது. பேரலும் சிலிண்டரும் ஒரே கோட்டில் இல்லை என்பதை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பேரலில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் இல்லை என்று உறுதிசெய்த பிறகே எதிலும் கை வையுங்கள்.

முதலில், தோளில் வைக்கும் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள். முன்பக்கம் இரண்டு, ட்ரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் உதைப்பதால் இவை தாமாகவே தளரும். அடுத்து, பேரல் மடியும் இடத்தில் உள்ள கீல். பேரலைப் பாதி மடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளிகூட ஆடக் கூடாது. பாதியில் விட்டால் தன் எடையில் கீழே விழாமல் அங்கேயே நிற்க வேண்டும். விழுந்தால் கீல் போல்ட்டை முறுக்குங்கள். சில மாடல்களில் அதற்குப் பூட்டுத் திருகு உண்டு. அதைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால் தலை சிதைந்துவிடும்.

இனி, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட். அது பிடித்து நிற்கும் தண்டவாளத்தில், அதாவது சிலிண்டரின் மேலுள்ள பள்ளத்தில், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்கோப் சுடச்சுடப் பின்னால் நகரும். துடைத்துவிட்டு, மவுண்ட்டின் தடுப்பு முள்ளை அதற்குரிய துளையில் இறக்குங்கள். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகளின் திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, 2 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் குழல் நசுங்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கீழே விழுந்தால், கணக்குப் போட வேண்டும். கால் நிமிடக் கிளிக் (இங்கே நிமிடம் என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு) உள்ள ஸ்கோப்பில் ஒரு கிளிக் 10 மீட்டரில் சுமார் 0.73 மி.மீ. நகர்த்தும். ஸ்கோப்பின் நடு, பேரலுக்கு மேலே 4.5 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் அந்தத் தூரத்தில் 1.2 செ.மீ. தாழும். ஆக, கோணலே இல்லாத துப்பாக்கியிலும், திருகு நடுவில் இருந்தால் 5.7 செ.மீ. கீழேதான் விழும். நடுவிலிருந்து மேலே 120 கிளிக் இருந்தால் 8.7 செ.மீ. ஏற்றலாம். உங்களுக்கு அதற்கும் கீழே 3 செ.மீ. விழுகிறது என்றால், பேரலின் தொங்கல் மட்டுமே 10 மீட்டரில் 6 செ.மீ.

இதற்கு ஷிம் எனும் மெல்லிய தகடு போதாது. ரிங்குகளுக்கு இடையே 10 செ.மீ. இருந்தால், பின் ரிங்கின் அடியில் வைக்கும் 0.1 மி.மீ. தகடு 1 செ.மீ. ஏற்றும். குளிர்பானக் கேன் தகடு கிட்டத்தட்ட அந்தப் பருமன்தான். இரண்டு தகட்டோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வைத்தால் ஸ்கோப் குழல் வளையும். உங்கள் அளவுக்கு, பின்பக்கம் உயர்ந்த 20 நிமிட மவுண்ட்டே சரி, அது 5.8 செ.மீ. ஏற்றும். பிறகு திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணி, பாதியில் நிறுத்தி, அங்கிருந்து தொடங்குங்கள்.

வலப்பக்க விலகல் இதோடு தானாகவே குறையலாம். உயரத் திருகு எல்லைக்குப் போய்விட்டால், உள்குழல் வெளிக்குழலில் முட்டிப் பக்கத் திருகும் முடங்கிவிடும். அப்படியும் போகவில்லையா? மவுண்ட்டை மட்டும் 180 டிகிரி திருப்பிப் போட்டு ஐந்து பெல்லட் சுடுங்கள். குறி இடப்பக்கம் மாறினால் மவுண்ட் கோணல். மாறாவிட்டால் கீலோ தண்டவாளமோ கோணல். அது பட்டறை வேலை.

கேள்வி: பேரலை மடித்து வைத்திருந்தபோது தவறிப்போய் ட்ரிகரை அழுத்திவிட்டான் என் அண்ணன் மகன். அதன் பிறகு எல்லாம் மேலே விழுகிறது. முழங்காலில் வைத்து நிமிர்த்தலாமா?
– வாசகர், ஆர்.கே. புரம்

பதில்: கூடாது. பேரல் வேகமாக எழும்பி மோதும்போது மேல்நோக்கி வளைவதோடு, கீலும் கட்டையும் விரிசல் விடலாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அழுத்தும் கருவியில் வைத்து நிமிர்த்துவார். பையன் விரல் தப்பியது பெரிய காரியம். பெல்லட் போடும்போது ஒரு கை பேரலை விடவே கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் பயிற்சி எடுக்கும் என் மகள் 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப் வைக்கலாமா?
– வாசகி, கரோல் பாக்

பதில்: முடியாது. சர்வதேச விதிப்படி ஏர் ரைஃபிளில் தொலைநோக்கிக்கு இடமில்லை. துளை வழியே பார்க்கும் டயாப்டர் சைட்தான். பத்துப் புள்ளி வட்டம் அரை மி.மீ. அளவே என்பதால், அந்த சைட்டின் திருகும் தளராமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பார்க்கச் சொல்லுங்கள்.