அன்னாசிப்பழ வீட்டுல தங்கலாமா? போட்டோவ விடுங்க, ப்ளான பாருங்க

ஒரு வாசகி கேட்டது: "ஸ்காட்லாந்துல கல்லால கட்டின அன்னாசிப்பழ வீடு ஒண்ணு வாடகைக்கு விடறாங்களாமே, நாங்க ரெண்டு பேர், ஆறு வயசுப் பையன், முட்டிவலியோட மாமியார், மூணு ராத்திரி சமாளிக்க முடியுமா?"

சமாளிக்கலாம்ங்க, ஆனா பழத்துக்குள்ள படுத்துத் தூங்கப் போறோம்னு பையன்கிட்ட சொல்லி வச்சிடாதீங்க, அப்புறம் அங்க போய் அழுவான். டன்மோர் எஸ்டேட்ல இருக்கற அந்தக் கட்டடத்தோட வாசல்ல 1761னு செதுக்கியிருக்கு. படுக்கறது ரெண்டு பக்கமும் இருக்கற பழைய தோட்டக்காரங்க குடியிருப்புல, மொத்தம் நாலு பேருக்குத்தான் இடம், உங்களுக்கு சரியா இருக்கும். நாலு பக்கமும் தள்ளிக்கிட்டு நிக்கிற அந்தக் கல் இலைங்கள கொஞ்சம் கவனிங்க, தண்ணி தேங்கி உறைஞ்சா கல்லு வெடிச்சிரும்னு ஒவ்வொண்ணுலயும் தனியா வடியற மாதிரி செஞ்சிருக்காங்க, எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சதே அதான்.

இந்த மாதிரி கட்டடத்துக்கு ஃபாலின்னு பேரு, பணக்காரங்க தோட்டத்துல அழகுக்காகக் கட்டினது. குடும்பம் நடத்தக் கட்டலங்கறதால சிக்கல் எப்பவும் பாத்ரூம், படிக்கட்டு இதுலதான் வரும், அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ஃப்ளோர் ப்ளான்ல கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு விரல வச்சு நடந்து பாருங்க. இங்கிலாந்துல டெர்பிஷயர்ங்கற பகுதில ஸ்வார்க்ஸ்டன் பவிலியன்னு இதே மாதிரி ஒண்ணு, 1630கள்ல கட்டினது, அதுல பாத்ரூம் கோபுரத்து உச்சில இருக்கு, திறந்த மொட்டைமாடியத் தாண்டித்தான் போகணும், மழைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் குடைதான்! யார்க்ஷயர் ஹாக்ஃபால்ல இருக்கற 'தி ருயின்'ல ஒரு ரூம்லேர்ந்து அடுத்த ரூமுக்கே வெளிய வந்துதான் போகணும், எதிர்லயே செங்குத்தான பள்ளம் வேற. அது ரெண்டு பேருக்கான இடம், ஜோடியா போறவங்களுக்கு சொர்க்கம், உங்க மாமியாருக்கு வேண்டாம்.

இந்த மூணையும் வாடகைக்கு விடறது லாண்ட்மார்க் டிரஸ்ட், 1965ல ஆரம்பிச்சது. அவங்க வீடுகள்ல டிவி இருக்காது, வைஃபையையும் நம்பாதீங்க, பையனுக்கு வேணுங்கறத முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க. பெட்ஷீட், டவல் அங்கயே இருக்கும், அரிசி பருப்பு மசாலா நீங்கதான் கொண்டு போகணும். இன்னொண்ணு, அன்னாசிப்பழத்துக்கு முன்னாடி இருக்கற தோட்டம் பொதுமக்களுக்கும் திறந்திருக்கும், காலைல நைட்டியோட காபி டம்ளரத் தூக்கிட்டு வெளிய வந்தா நாய் கூட்டிட்டு வர்றவங்க குட்மார்னிங் சொல்வாங்க.